வேகம் இரண்டு மடங்கு ஆனால் இயக்க ஆற்றல் ஏன் நான்கு மடங்கு ஆகிறது?

இயக்க ஆற்றல், அதாவது ஓடும் பொருளிடம் இருக்கும் ஆற்றல் = அரை × நிறை × வேகத்தின் வர்க்கம். இந்தச் சூத்திரத்தில் வேகத்தின் வர்க்கம் இருக்கிறது, அதனால்தான் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அந்த வர்க்கம் எங்கிருந்து வந்தது என்பதுதானே உங்கள் கேள்வி? பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக் கொடுக்கிற எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இது. பிரேக்கில் இருந்து தொடங்கினால் சட்டென்று பிடிபடும்.

ஆளும் வண்டியும் சேர்த்து 200 கிலோ உள்ள ஒரு பைக், மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதாவது வினாடிக்கு 10 மீட்டர். பிரேக் பிடித்தால் ஒவ்வொரு வினாடியும் அந்த வேகத்தில் வினாடிக்கு 5 மீட்டர் குறைகிறது. இரண்டு வினாடியில் வண்டி நின்றுவிடும்; அதற்குள் 10 மீட்டர் ஓடியிருக்கும். சரி, இப்போது அதே பைக், அதே பிரேக், வேகம் 72. நிற்க நான்கு வினாடி. நேரம் இரு மடங்குதான். ஆனால் அந்த நேரத்தில் வண்டியின் சராசரி வேகமும் இரு மடங்கு. இரண்டும் சேர்ந்து தூரம் 40 மீட்டர் ஆகிவிடுகிறது. வர்க்கம் பிறக்கும் இடம் இதுதான்.

பிரேக்கின் விசை இங்கே 1000 நியூட்டன். விசையைத் தூரத்தால் பெருக்கினால் அது செய்த வேலை: முதல் தடவை 10,000 ஜூல், இரண்டாம் தடவை 40,000 ஜூல். வண்டியிடம் இருந்த இயக்க ஆற்றல் அவ்வளவுதான். அது முழுக்கப் பிரேக்கிலும் டயரிலும் வெப்பமாகப் போகிறது. சூத்திரத்தில் வரும் அந்த 'அரை'யும் இதே கணக்கில்தான் இருக்கிறது. சீராக வேகம் குறைந்து நிற்கும் வண்டியின் சராசரி வேகம், தொடக்க வேகத்தில் பாதி.

இதை ஒப்புக்கொள்ள அறிஞர்களுக்கே பல காலம் ஆனது. நிறையையும் வேகத்தையும் பெருக்கினால் போதும் என்று பிரெஞ்சுத் தத்துவஞானி டெகார்ட்டே வழி வந்தவர்கள் சொன்னார்கள். வேகத்தின் வர்க்கம் வேண்டும் என்று 1686-இல் ஜெர்மன் கணித அறிஞர் லைப்னிட்ஸ் வாதாடினார். பிறகு 1720-களில் நெதர்லாந்தின் லைடனில் கிராவசாண்டே என்ற இயற்பியலாளர் பித்தளைக் குண்டுகளைக் களிமண்ணில் போட்டுப் பார்த்தார். வேகம் இரு மடங்கானபோது குழி நான்கு மடங்கானது. பிரான்ஸின் அறிவியல் அறிஞர் எமிலி டு ஷாத்லே 1740-இல் வெளியிட்ட தன் நூலில் இந்தச் சோதனையைக் காட்டி வர்க்கத்தின் பக்கம் உறுதியாக நின்றார். நிறையையும் வேகத்தையும் மட்டும் பெருக்கிய அந்த முதல் கணக்கும் வீண் போகவில்லை. அதைத்தான் இன்று உந்தம் என்கிறோம். அது இரு மடங்குதான் ஆகும்.

மறுபடி அந்த பைக்குக்கு வருகிறேன். 36-இல் வந்த வண்டி முழுதாக நின்றுவிட்ட அதே 10-ஆவது மீட்டரில், 72-இல் வந்த வண்டி எவ்வளவு வேகத்தில் இருக்கும்? வகுப்பில் பெரும்பாலும் 36 என்றுதான் பதில் வரும். கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 62. 40,000 ஜூலில் 10,000 மட்டும்தானே கழிந்திருக்கிறது! இதில் கை பிரேக்குக்குப் போகும் நேரத்தைச் சேர்க்கவே இல்லை. அதற்கு ஒரு வினாடி ஆனால் இன்னும் 20 மீட்டர்.