தேள் சின்னத்துக்கு எவ்வளவு தரலாம்?

கே: 2016 அபார்த் புன்டோ (ஃபியட் புன்டோவின் தேள் சின்னம் பதித்த வேக வடிவம்) ஒன்று விலைக்கு வருகிறது. ஆர்சியில் 1368 சிசி என்றிருக்கிறது. ஒரிஜினல்தானே?
— கோவை வாசகர்

ப: அதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். டர்போ இல்லாத 1.4 பெட்ரோல் புன்டோவுக்கும் அதே 1368தான். பின்சக்கரத்துக்குள் எட்டிப் பாருங்கள். சாதா புன்டோ என்றால் டிரம் பிரேக், அபார்த் என்றால் நான்கிலும் டிஸ்க். பானட்டைத் திறந்து டர்போவையும் பார்த்துவிடுங்கள். 145 குதிரைத்திறன் ஸ்டிக்கரில் வராது. ஃபியட் இந்தியாவில் கார் விற்பதை நிறுத்திப் பல வருடமாகிறது. ஸ்பேர் பார்ட்ஸுக்கு வழி தெரிந்த மெக்கானிக் கையில் இல்லையென்றால் ஆசையை விடுங்கள்.

கே: 1965 ஃபியட் அபார்த் 595. பேப்பரெல்லாம் தொலைந்துவிட்டதாம். படம் அனுப்பி, முன்பணம் கேட்கிறார். அனுப்பலாமா?
— சூரிக் வாசகர்

ப: வண்டியைக் கண்ணால் பார்க்காமலா? கூடாது.

கே: என் காருக்கு ஆன்லைனில் 'அபார்த்' சைலன்சர் வாங்கினேன். சத்தம் பிரமாதம், பிக்கப் அப்படியே இருக்கிறது.
— சென்னை வாசகர்

ப: சத்தத்தைக் கேட்டுத்தானே வாங்கினீர்கள்? வியன்னாவில் பிறந்த கார்லோ அபார்த், வேலை பார்த்த சிசிட்டாலியா என்ற ரேஸ் கார் கம்பெனி நொடித்துப் போனதும் 1949-ல் இத்தாலியின் பொலோனியாவில் சொந்தக் கம்பெனி தொடங்கினார். பிறகு டூரினுக்கு மாறினார். ரேஸ் செலவுக்குக் கைகொடுத்தது சைலன்சர் வியாபாரம்: கறுப்புக் குழாய், நுனியில் பளபள குரோம். எஞ்சின் புகை தடைபடாமல் வெளியேற வழி பண்ணியதுதான் அவர் வேலை. உறுமல் கூடவே வந்தது. குழாயோடும் நிற்கவில்லை. கார்புரேட்டர், கேம்ஷாஃப்ட், கம்ப்ரஷன் என்று எல்லாவற்றிலும் கை வைத்தார். 1965-ல் இத்தாலியின் மோன்ஸா ரேஸ் டிராக்கில் சாதனை ஓட்டம். ஒற்றை இருக்கைக் காருக்குள் நுழைய, 57-ஐ நெருங்கிய மனுஷன் 30 கிலோ இளைத்தார்! உங்களுக்கு விற்றவன் உள்ளே இருந்த தடுப்பை உருவிவிட்டுத் தேள் படம் ஒட்டியிருக்கிறான். எனக்கும் ஒருவன் இப்படி ஒன்றைத் தலையில் கட்டினான்; மைலேஜும் போச்சு, பக்கத்து வீட்டு சிநேகமும் போச்சு. பழையதை மாட்டுங்கள், போலீஸ் பிடிக்கும் முன்.

கே: அபார்த் தனிக் கம்பெனியா, ஃபியட்டா?
— மதுரை வாசகர்

ப: 1971-லிருந்து ஃபியட் கையில். ஃபியட் 131 அபார்த் உலக ராலி பட்டம் வென்றது (1977, 1978, 1980) அதற்குப் பிறகுதான்.

கே: புது மின்சார அபார்த் 500இ. ஸ்பீக்கரில் பெட்ரோல் எஞ்சின் சத்தம்! ஓடும்போது அணைக்கவும் முடியவில்லை.
— மிலான் வாசகர்

ப: ஓட்டிப் பார்க்கவே இல்லையா? வண்டியை நிறுத்திவிட்டு மெனுவில் அணையுங்கள்.

கே: அப்பாவின் சேமிப்பில் பழைய 'அபார்த் 695' வாங்கினோம். சாதா ஃபியட் 500 என்கிறார் மெக்கானிக்.
— பலெர்மோ வாசகர்

ப: மனதை விட்டுவிடாதீர்கள், அம்மா. இதில் ஏமாறாதவர் குறைவு. அபார்த்தே மாற்று உதிரிகளை மரப்பெட்டியில் அடுக்கி விற்றவர். யார் வீட்டு ஃபியட்டும் அபார்த் ஆகலாம். அதனால் இரண்டு பாகம் ஒரிஜினலாக இருப்பதே போலிக்குப் போதும். எஞ்சினை அளக்கச் சொல்லுங்கள்: சாதா 500 என்றால் 499 சிசி, 695-க்கு ஏறக்குறைய 690. டூரினில் அபார்த் கிளாசிக்கே பிரிவு பழைய வண்டிகளைச் சோதித்துச் சான்றிதழ் தருகிறது. அவர்கள் சொல்வதை எழுத்தில் வாங்குங்கள். விளம்பரத்தையும் விற்றவர் அனுப்பிய செய்திகளையும் இன்றே பிரதி எடுத்து, வக்கீலிடம் போங்கள். அதுவரை வண்டியில் எதையும் மாற்றாதீர்கள், கழுவிக்கூட விடவேண்டாம்.