வயிற்றுக்குத்து: குதிரைக்கும் குழந்தைக்கும் நமக்கும்

(இம்முறை மிருக வைத்தியரும் பொது வைத்தியரும் சேர்ந்து பதில் தருகிறார்கள்.)

கேள்வி: கிரகரி வாவிக் கரையில் சவாரிக்கு விடும் மட்டக்குதிரை எங்களுடையது. சாயங்காலம் கோவா இலையும் கரட்டும் போட்டோம். இரவில் முன்காலால் தரையைச் சுரண்டுகிறது, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறது, படுத்துப் புரளுகிறது. இஞ்சி தட்டிப்போட்ட எண்ணெயைப் போத்தலால் வாயில் ஊற்றச் சொல்கிறார்கள். ஊற்றலாமா?
– வாசகர், நுவரெலியா

பதில்: ஊற்றவே கூடாது. வலியில் இருக்கும் குதிரையின் தலையைத் தூக்கி ஊற்றினால் எண்ணெய் மூச்சுக்குழாய்க்குள் போய் நுரையீரல் கெட்டுவிடும். குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடத்துத் தசை அவ்வளவு இறுக்கமானது. நிறைந்த இரைப்பைக்குள் இன்னும் ஊற்றினால் அது வெடிக்கக்கூடும்.

முதலில் தீனி எல்லாவற்றையும் அகற்றுங்கள். பிறகு தாடை எலும்பின் கீழே விரல் வைத்து நாடியை 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குங்கள். ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருப்பது சாதாரணம். 60ஐத் தாண்டினால் நிலைமை மோசம். ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி விட்டால் 2 விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். இரண்டு விலாவிலும் காதை வைத்துக் கேளுங்கள். குடல் இரைச்சலே கேட்காவிட்டால் அது கெட்ட அறிகுறி. கடைசியாக எப்போது சாணம் போட்டது என்பதையும் சேர்த்து, இந்த விபரங்களோடு மிருக வைத்தியரை அழையுங்கள்.

அவர் வரும்வரை பத்து நிமிடம் மெல்ல நடத்தலாம். ஓட்டக்கூடாது. அமைதியாகப் படுத்திருந்தால் விட்டுவிடுங்கள். மனிதருக்கான வலி மாத்திரை வேண்டாம். அது வலியை மறைக்கும், குடல் முறுக்கியிருப்பது தெரியாமல் போகும்.

வைத்தியர் மூக்கு வழியாகக் குழாய் விட்டு இரைப்பையில் தேங்கியதை வெளியே எடுப்பார். அடைப்பு மட்டும் என்றால் அதே குழாயால் உப்பு கலந்த நீரோ திரவ பரபின் எண்ணெயோ செலுத்துவார். வலிக்கு ஊசி போடுவார். பெரும்பாலான குத்து இதிலேயே அடங்கும். முறுக்கிய குடலுக்கு மட்டும் சத்திரசிகிச்சை வேண்டும், அதுவும் சில மணி நேரத்துக்குள். வலியில் துடிக்கும் மிருகத்தை லொறியில் ஏற்றி றம்பொடை மலைப்பாதை வளைவுகளில் இறக்குவது எவ்வளவு கஷ்டம் என்று இங்குள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆகவே விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

கேள்வி: திரும்ப வராமல் இருக்க என்ன செய்யலாம்?
– அதே வாசகர்

பதில்: பெருங்குடல் இடுப்புப் பக்கம் வளையும் இடத்தில் குறுகிப்போகிறது. தண்ணீர் குறைந்தால் காய்ந்த தீனி அங்கேதான் அடைத்துக்கொள்ளும். நுவரெலியாக் குளிரில் குதிரை குறைவாகத்தான் குடிக்கும். 250 கிலோ மட்டக்குதிரைக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 12 லீற்றர் வேண்டும். தை மாதப் பனியில் தண்ணீரை வெதுவெதுப்பாக வையுங்கள், கூடுதலாகக் குடிக்கும்.

காய்ந்த புல்லே முதல் தீனி, நாளொன்றுக்கு 4 கிலோவுக்குக் குறையாமல். புதுத் தீனியை 7 முதல் 10 நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். மரக்கறித் தோட்டத்தில் கழித்த கோவாவைக் கூடை கூடையாகப் போடுவது இங்கே பழக்கமாகிவிட்டது. அது பெருங்குடலில் புளித்து வாயுவாகும். வெட்டிக் குவித்த ஈரப்புல்லும் அப்படித்தான். ஏப்ரல் சீசனில் ஆளாளுக்குத் தீனி நீட்டுவார்கள், தயவுசெய்து மறியுங்கள். சாணத்தைப் பரிசோதித்துப் புழு மருந்து கொடுங்கள்.

கேள்வி: ஆறு வாரக் குழந்தை, தினமும் பொழுதுபட்டால் முகம் சிவந்து மூன்று மணி நேரம் அழுகிறாள். அம்மாயி வசம்பு உரைத்துக் கொடுக்கிறார், ஓமத் தண்ணீரும் உண்டு. சரியா?
– வாசகி, தலவாக்கலை

பதில்: இரண்டையும் நிறுத்துங்கள், தங்கச்சி. வசம்பால் நிற்காத வாந்தி வரக்கூடும். ஓமத் தண்ணீர் பாலுக்கான இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும். அம்மாயியின் அன்பைக் குறை சொல்லவில்லை. அவர் கை குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்ளட்டும், அதுதான் மருந்து.

நாளொன்றுக்கு 3 மணி நேரம், வாரத்தில் 3 நாள் இப்படி அழுதால் வைத்தியர்கள் கொலிக் என்பார்கள். ஆறாவது வாரத்தில் உச்சத்துக்குப் போய் மூன்று, நான்கு மாதத்தில் தானாக நின்றுவிடும். பால் கொடுத்ததும் நிமிர்த்தித் தோளில் போட்டு ஏப்பம் விடச் செய்யுங்கள். அழும்போது முன்கையில் குப்புறக் கிடத்தி முதுகைத் தடவுங்கள். லயத்து வீட்டுக்குள் பீடி, சிகரட் புகை வேண்டாம். நீங்கள் பத்தியம் இருக்கத் தேவையில்லை. பொறுமை போய்விட்டால் பிள்ளையை மல்லாக்கக் கிடத்திவிட்டு ஐந்து நிமிடம் வெளியே நில்லுங்கள். ஒருபோதும் உலுக்காதீர்கள், மூளையில் இரத்தம் கசியும்.

38 பாகை காய்ச்சல், பச்சை வாந்தி, மலத்தில் இரத்தம், கவட்டில் வீக்கம், பால் குடிக்க மறுப்பது: இதில் ஒன்று இருந்தாலும் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

கேள்வி: கொழுந்து எடுக்கும்போது இடுப்பிலிருந்து கவடு வரை குத்து, அலை அலையாக வருகிறது. சிறுநீரகக் கல் என்கிறார்கள். நிறையத் தண்ணீர் குடித்தால் தள்ளிவிடுமா?
– வாசகி, அப்புத்தளை

பதில்: வலி வந்த நேரத்தில் லீற்றர் கணக்கில் குடிப்பது கல்லைத் தள்ளாது. அப்போது வலி மருந்துதான் வேண்டும். டைக்ளோபினாக் நன்றாகக் கேட்கும். ஆனால் கர்ப்பிணிகளும் குடற்புண், சிறுநீரக நோய் உள்ளவர்களும் எடுக்கக்கூடாது. 5 மில்லிமீற்றருக்குக் குறைந்த கல் பெரும்பாலும் சில வாரத்தில் தானே இறங்கும். சிறுநீரைத் துணியில் வடித்து, கல் கிடைத்தால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

தண்ணீர் வேண்டியது வலி இல்லாத நாட்களில். சிறுநீர் வெளிறிய நிறமாகப் போகும் அளவுக்குக் குடிக்க வேண்டும். மலையில் கழிப்பறை இல்லையென்று காலையிலிருந்து வாயைக் கட்டிக்கொள்ளும் பெண்களுக்கு இது எப்படி முடியும்? கழிப்பறை கட்டித் தருவது தோட்ட நிர்வாகத்தின் கடமை, கேட்டு வாங்குங்கள்.

எண்ணெய்ச் சாப்பாட்டுக்குப் பிறகு வலது விலாவின் கீழ் குத்தித் தோள்பட்டைக்கு ஏறினால் அது பித்தப்பைக் கல்லாக இருக்கலாம். ஸ்கேன் எடுத்துப் பாருங்கள். இடுப்புக் குத்தோடு காய்ச்சலும் நடுக்கமும் வந்தால், அடைபட்ட சிறுநீரகத்தில் கிருமி ஏறியிருக்கலாம். காலைவரை பொறுக்காமல் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைத்து அன்றிரவே வைத்தியசாலைக்குப் போய்விடுங்கள்.