கையால் ஒரு தடவை, கன்சோலில் ஒரு தடவை: மெட்டாஸ்பிளாய்ட் கேள்வி பதில்

போன ஞாயிற்றுக்கிழமை நாகர்கோவிலில் இருபது பேர் போல உட்கார்ந்து, கணினிப் பாதுகாப்பைச் சோதிக்கிற கருவியான மெட்டாஸ்பிளாய்டைத் தொட்டுப் பார்த்தோம். பாதி நேரம் லேப்டாப்களைச் சரிசெய்வதிலேயே போய்விட்டது. கேட்க முடியாமல் போன கேள்விகளைத் துண்டுச் சீட்டில் எழுதித் தரச் சொன்னேன். அவற்றுக்கான பதில்கள் இவை. பெயர் போட வேண்டாம் என்று சிலர் சொன்னதால் எல்லாருக்கும் ஊர் மட்டும். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். தட்டும்போது வழக்கம்போல ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

தக்கலை: அண்ணா, மெட்டாஸ்பிளாய்ட் என்றால் என்ன? ஐபி கொடுத்தால் தானாக ஹேக் பண்ணிவிடுமா?

பண்ணாது. அது ஒரு பட்டறை மாதிரி. ஏற்கெனவே தெரியவந்த ஓட்டைகளுக்கான கருவிகளை ஒரே அமைப்பில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். எதிரே இருப்பது எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு என்று கண்டுபிடிக்கிற வேலை உங்களுடையது. எச். டி. மூர் 2003இல் பெர்ல் மொழியில் தொடங்கினார். 2007இல் மூன்றாம் பதிப்பு வந்தபோது முழுக்க ரூபியில் திருப்பி எழுதியிருந்தார்கள். 2009இல் ரேப்பிட்7 நிறுவனம் வாங்கியது. ஃபிரேம்வொர்க் இன்றைக்கும் இலவசம், மூலநிரலும் திறந்தே கிடக்கிறது. பாதுகாப்புச் சோதனைக்கென்றே உள்ள இயங்குதளமான காலி லினக்ஸில் (இனிமேல் வெறுமனே 'காலி') கூடவே வரும்.

மார்த்தாண்டம்: எக்ஸ்ப்ளாய்ட், பேலோட், ஆக்சிலரி, போஸ்ட்... எல்லாம் குழப்புது சாரே.

ஓட்டு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். எந்த ஓடு தளர்ந்திருக்கிறது என்று சுற்றிவந்து பார்ப்பது ஆக்சிலரி. ஸ்கேனர்கள் எல்லாம் அந்த வகை. அந்த ஓடுகளைப் பிரிப்பது எக்ஸ்ப்ளாய்ட். பிரித்த வழியாக உள்ளே இறங்குகிற ஆள் பேலோட். இறங்கிய பிறகு எந்த அறையில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது போஸ்ட். ஒரே ஓட்டை வழியாக வேறு வேறு ஆட்களை இறக்கலாம் என்பதால்தான் எக்ஸ்ப்ளாய்டையும் பேலோடையும் பிரித்து வைத்திருக்கிறார்கள். இந்தக் கருவியின் அழகே அந்தப் பிரிப்புதான்.

என்கோடர், நாப் என்று இன்னும் சில வகைகள் உண்டு. முதல் மாதம் அவற்றைத் தொட வேண்டாம்.

குழித்துறை: என்னிடம் 4 ஜிபி ரேம் லேப்டாப்தான். முடியுமா?

இழுத்துப் பிடித்தால் முடியும். லேப்டாப்புக்குள்ளேயே இரண்டு விர்ச்சுவல் மெஷின், அதாவது கணினிக்குள் கணினி, ஓட வேண்டும்: அடிக்கிறது காலி, அடி வாங்குவது இன்னொன்று. பயிற்சிக்கு அடி வாங்குகிற இயந்திரமான மெட்டாஸ்பிளாய்டபிள் 2, பழைய உபுண்டு 8.04இல் ஓடுவது. அதற்கு 512 எம்பி தாராளம். டெஸ்க்டாப்புடன் கூடிய காலிக்கு 2 ஜிபி தேவை. டெஸ்க்டாப் இல்லாமல் நிறுவினால் அதிலும் குறையும். மெட்டாஸ்பிளாய்டுக்குக் கட்டளை தட்டுகிற இடமான கன்சோல் கருத்த திரையிலேயே நன்றாக ஓடும். உலாவியை மூடிவிட்டு உட்காருங்கள்.

திங்கள்சந்தை: இரண்டு விர்ச்சுவல் மெஷினும் ஓடுது. மெட்டாஸ்பிளாய்டபிளின் ஐபி 10.0.2.15. பிங் பண்ணினால் பதில் வருது. ஆனால் ஸ்கேன் கருவியான என்மேப் போட்டால் ஒரு போர்ட்டும், அதாவது சேவைக்கான கதவும், திறந்திருக்கவில்லை. பதிவிறக்கம் பழுதாகிவிட்டதா?

இல்லை. காலியில் ஐபி பாருங்கள், அதுவும் 10.0.2.15 என்றிருக்கும். நீங்கள் பிங் பண்ணியது உங்களையேதான்!

விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் மென்பொருளான விர்ச்சுவல்பாக்ஸில் நெட்வொர்க்கை நாட் என்று விட்டால் ஒவ்வொரு மெஷினுக்கும் தனித்தனி உலகம். எல்லாவற்றுக்கும் அதே முகவரிதான் கிடைக்கும், ஒன்றை ஒன்று பார்க்காது. இரண்டையும் ஹோஸ்ட்-ஒன்லிக்கு மாற்றுங்கள். 192.168.56 என்று தொடங்கும் இரண்டு வேறு முகவரிகள் வரும். ஞாயிற்றுக்கிழமை நாலு பேருக்கு இதே தொந்தரவு; நானும் படிக்கிற காலத்தில் இதில் ஒரு ராத்திரி தொலைத்திருக்கிறேன்.

பிரிட்ஜ்டு மட்டும் வைக்காதீர்கள். மெட்டாஸ்பிளாய்டபிள் கதவு ஜன்னல் எல்லாம் திறந்துபோட்ட வீடு. அதை வீட்டு வைஃபையில் கொண்டு நிறுத்தக்கூடாது.

வடசேரி: முதலில் எந்த எக்ஸ்ப்ளாய்டைப் பழகுவது? தேடினால் ஆயிரக்கணக்கில் வருகிறது.

ஒன்றே ஒன்று போதும். விஎஸ்எஃப்டிபிடி 2.3.4 என்ற கோப்புப் பரிமாற்ற (எஃப்டிபி) சர்வர். ஆனால் அதை மெட்டாஸ்பிளாய்டில் ஓட்டுவதற்கு முன்னால் கையால் செய்து பாருங்கள். நான் எல்லாரிடமும் பிடிவாதமாகச் சொல்வது இதைத்தான்.

கதை இது: 2011 ஜூலை தொடக்கத்தில், இந்த எஃப்டிபி சர்வரின் அதிகாரபூர்வத் தளத்திலிருந்த மூலநிரல் கோப்பையே யாரோ மாற்றி வைத்திருப்பது தெரியவந்தது. பயனர் பெயருக்குள் ஒரு சிரிப்புக் குறி, அதாவது முக்காற்புள்ளியும் வலப்பக்க அடைப்புக்குறியும், வந்தால் 6200ஆம் போர்ட்டில் ஒரு ஷெல், அதாவது கட்டளை தட்டுகிற வாசல், திறக்கும்படி சில வரிகளை நுழைத்திருந்தார்கள்.

காலியில், போர்ட்டோடு நேரடியாகப் பேசுகிற நெட்கேட் கருவி மூலம் 21ஆம் போர்ட்டுக்குப் போங்கள். 220 என்று தொடங்கி, பதிப்பு எண்ணோடு வரவேற்பு வரும். யூசர் என்று தட்டி, ஏதாவது ஒரு பெயர், அதோடு ஒட்டிச் சிரிப்புக் குறி. அடுத்து பாஸ், ஏதாவது ஒரு கடவுச்சொல். திரை அப்படியே நிற்கும். தொங்கிவிட்டது என்று நினைத்து மூடாதீர்கள். இன்னொரு டெர்மினலைத் திறந்து 6200ஆம் போர்ட்டுக்கு நெட்கேட் போடுங்கள். அங்கேயும் ஒன்றும் வராது, கர்சர் மட்டும் மினுங்கும். ஐடி என்று தட்டி என்டர் அடியுங்கள். யுஐடி பூஜ்யம், ரூட் என்று வரும்: முழு அதிகாரமுள்ள பயனர்.

இதற்கப்புறம் கன்சோலுக்கு வாருங்கள். சர்ச், யூஸ், ஷோ ஆப்ஷன்ஸ், செட் ஆர்ஹோஸ்ட்ஸ் (இலக்கின் ஐபி), ரன். இப்போது அது என்ன செய்கிறது என்று உங்களுக்குத் தெரியும்: நீங்கள் செய்ததையே அதுவும் செய்கிறது, கொஞ்சம் வேகமாக. அந்த மாட்யூலின் (மெட்டாஸ்பிளாய்டில் ஒவ்வொரு கருவியும் ஒரு மாட்யூல்) ரூபி நிரலையும் திறந்து படியுங்கள். சின்ன கோப்பு. ரூபியே தெரியாதவர்களுக்கும் சிரிப்புக் குறி எங்கே ஒட்டப்படுகிறது என்று கண்ணில் படும்.

இரண்டாவது தடவை ஓட்டும்போது வேலை செய்யாவிட்டால் பயப்பட வேண்டாம். முதல் ஷெல் 6200ஐ இன்னும் பிடித்துக்கொண்டிருக்கும். மெட்டாஸ்பிளாய்டபிளை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

குளச்சல்: கோப்புப் பகிர்வு மென்பொருளான சம்பாவுக்குரிய எக்ஸ்ப்ளாய்ட் ஓடி முடிந்தது என்கிறது, ஆனால் 'நோ செஷன் வாஸ் கிரியேட்டட்' (இணைப்பு கிடைக்கவில்லை) என்று வருது. பத்து தடவை ஓட்டியாச்சு.

பதினோராவது தடவையும் அதே பதில்தான் வரும் தம்பி. நின்று யோசிக்க வேண்டிய இடம் இது.

நீங்கள் பயன்படுத்திய பேலோட் ரிவர்ஸ் வகை. மிஸ்டு கால் மாதிரி என்று வையுங்கள். நாம் கூப்பிட்டு உடனே வைத்துவிடுகிறோம். அந்தப் பக்கம்தான் நம்மைத் திரும்பக் கூப்பிட வேண்டும். வெளியிலிருந்து வரும் அழைப்பை ஃபயர்வால் தடுக்கும், உள்ளிருந்து போகிற அழைப்பைப் பெரும்பாலும் விட்டுவிடும். அதனால்தான் இந்த ஏற்பாடு. திரும்பக் கூப்பிட வேண்டிய எண்தான் எல்ஹோஸ்ட். தப்பான எண்ணைக் கொடுத்தால் யாருக்கு மணியடிக்கும்?

உங்கள் ஷோ ஆப்ஷன்ஸ் படத்தைப் பார்த்தேன். காலியில் இரண்டு நெட்வொர்க் அடாப்டர் வைத்திருக்கிறீர்கள், ஒன்று இணையத்துக்கு நாட், மற்றது ஹோஸ்ட்-ஒன்லி. கன்சோல் தானாக நாட் முகவரியை எல்ஹோஸ்டில் நிரப்பியிருக்கிறது. மெட்டாஸ்பிளாய்டபிள் அந்த 10.0.2.15ஐக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்திருக்கும். செட் எல்ஹோஸ்ட் போட்டு, 192.168.56இல் தொடங்கும் காலியின் முகவரியைக் கொடுங்கள். செஷன் வந்துவிடும்.

இதுவும் சரியாக இருந்து செஷன் வராவிட்டால்: திரும்ப வரும் அழைப்பை நாம் கேட்டுக்கொண்டிருக்கும் போர்ட்டான எல்போர்ட்டை வேறு எதுவும் பிடித்திருக்கிறதா, பதிப்பு உண்மையிலேயே ஓட்டையுள்ளதா, பேலோட் அந்த இயங்குதளத்துக்குப் பொருந்துமா. இந்த வரிசையில் பாருங்கள்.

அருமனை: மீட்டர்பிரெட்டர் ரிவர்ஸ் டிசிபி என்று ஒரே பெயரில் இரண்டு பேலோட் இருக்கே?

ஒரே பெயர் இல்லை, கூர்ந்து பாருங்கள். மீட்டர்பிரெட்டர் என்பது மெட்டாஸ்பிளாய்டின் சொந்த ஷெல் போன்ற பேலோட். மீட்டர்பிரெட்டருக்குப் பின்னால் சாய்கோடு வந்தால் ஸ்டேஜ்ட்: முதலில் ஒரு பொடியன் இறங்கி, மற்ற சாமான்களை உள்ளே இழுத்துக்கொள்வான். அடிக்கோடு வந்தால் ஸ்டேஜ்லெஸ்: மொத்தமும் ஒரே மூட்டையாக இறங்கும். ஓட்டையில் இடம் குறைவாக இருந்தால் முதல் வகை. இணைப்பு அடிக்கடி அறுந்தால் இரண்டாவது.

ஊர் எழுதாத சீட்டு: ஒருத்தரோட வாட்ஸாப்பை அவருக்குத் தெரியாமல் பார்க்க எந்த மாட்யூல்?

அடுத்த சீட்டு.

கொட்டாரம்: கல்லூரி லேபிலோ பக்கத்துக் கடை வைஃபையிலோ ஸ்கேன் மட்டும் பண்ணிப் பார்த்தால் தப்பா? ஒன்றையும் கெடுக்க மாட்டேன்.

எழுத்தில் அனுமதி இல்லாமல் வேண்டாம். 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவு, உரியவர் அனுமதி இல்லாமல் கணினிக்குள் நுழைந்தாலே இழப்பீடு கேட்க வழி செய்கிறது. அதையே நேர்மையற்ற அல்லது மோசடி நோக்கத்தோடு செய்தால் 66ஆம் பிரிவு: 3 ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 'ஸ்கேன் மட்டும்தான்' என்பதை ஸ்டேஷனில் நின்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டுமா? தற்செயலாக ஓட்டை கண்ணில் பட்டால் உரியவரிடம் சொல்லுங்கள். அவர் கண்டுகொள்ளாவிட்டால் இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் இருக்கிறது.

ஆசிரியரிடம் போய், இன்ன தேதி, இன்ன இயந்திரங்கள் என்று ஒரு தாளில் கையெழுத்து கேளுங்கள். தொழிலிலும் முதல் வேலை அந்தத் தாள்தான்.

பூதப்பாண்டி: சர்ச் போட்டால் ரேங்க் என்று ஒரு நெடுவரிசை வருதே, அதைப் பார்க்கணுமா?

கட்டாயம் பார்க்கணும். நான் பார்க்காமல் விட்ட கதையைச் சொல்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு நிறுவனத்தில் சோதனை, அனுமதி எல்லாம் முறையாக இருந்தது. ஒரு பழைய விண்டோஸ் 7 கணினியில் எம்எஸ்17-010 ஓட்டை இருப்பதை ஸ்கேனர் மாட்யூல் காட்டியது. மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச்சிலேயே இதற்குத் திருத்தம் தந்தது. அதைப் போடாதவர்கள்தான் அந்த மே மாதம் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை தாக்குதலில் மாட்டினார்கள். எனக்கு ஒரே குஷி. அந்த ஓட்டைக்கான எக்ஸ்ப்ளாய்டான எட்டர்னல்ப்ளூவை எடுத்தேன், ரன் அடித்தேன். செஷன் வரவில்லை. அடுத்த அறையிலிருந்து ஒரு அக்கா எட்டிப் பார்த்து, 'திரை முழுக்க நீலமா வருது, என்ன செய்யணும்?' என்றார். அது பில் போடுகிற கணினி. ஓணத்துக்கு முந்தின வாரம் வேறே. வெளியே வரிசை நின்றது.

அந்த மாட்யூலின் ரேங்க் ஆவரேஜ். அது இயங்குதளத்தின் மையமான கெர்னலின் நினைவகத்தில் கைவைக்கிறது. குறி தப்பினால் இயந்திரமே விழும். எக்ஸலன்ட் என்றால் சர்வீஸைக் கவிழ்க்காது என்று பொருள். அங்கிருந்து கிரேட், குட், நார்மல், ஆவரேஜ், லோ, மேனுவல் என்று இறங்கும். ஸ்கேனர் சொன்னதையே ஆதாரமாக அறிக்கையில் எழுதியிருந்தால் போதும், நான் ரன் அடித்திருக்கவே வேண்டாம். ஓட்டை இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிற செக் கட்டளை உள்ள மாட்யூல்களில் முதலில் அதைத் தட்டுங்கள்.

இரணியல், ஒரு மாணவரின் அம்மா: மகன் ராத்திரி ஒரு மணி வரை கருத்த திரையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறான். கேட்டால் ஹேக்கிங் படிக்கிறேன் என்கிறான். பயமாக இருக்கு.

பயம் நியாயம்தான் அம்மா. ஆனால் உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே உதயகிரிக் கோட்டை இருக்கிறதே, அங்கே டி லனாய் கல்லறையைப் பார்த்திருப்பீர்கள். 1741இல் குளச்சலில் டச்சுக்காரர்களுக்காகச் சண்டை போட வந்து பிடிபட்டவர். மார்த்தாண்ட வர்மா அவரைக் கொண்டே திருவிதாங்கூர் படைக்குப் பயிற்சி கொடுக்க வைத்தார், கோட்டைகளைப் பலப்படுத்தினார். தாக்கத் தெரிந்தவனுக்குத்தான் எந்தச் சுவர் இளகியிருக்கிறது என்று தெரியும். மகன் படிப்பது அந்த வேலை.

ஒன்று மட்டும் கேளுங்கள்: 'நீ உடைக்கிற கம்ப்யூட்டர் யாருடையது?' என் லேப்டாப்புக்குள்ளேயே இருக்கிறது என்று காட்டினால் சரி. பதில் சொல்லத் தயங்கினால் என்னிடம் அனுப்புங்கள். ஒரு மணிக்குத் தூங்கச் சொல்வது உங்கள் பாடு.

ஆரல்வாய்மொழி: ஊடுருவல் சோதனைக்கான ஓஎஸ்சிபி சான்றிதழ்த் தேர்வுக்கு மெட்டாஸ்பிளாய்ட் போதுமா?

அந்தத் தேர்வில் மெட்டாஸ்பிளாய்டை ஒரே ஒரு இலக்கு இயந்திரத்தில்தான் பயன்படுத்தலாம். மற்றதெல்லாம் கையால். வடசேரிக்காரருக்கு எழுதிய பதிலை இன்னொரு தடவை படியுங்கள்.

பேச்சிப்பாறை: எங்க பக்கம் மழை தொடங்கினால் கரன்ட் நிற்காது. நேற்று நடுவில் போய், மெட்டாஸ்பிளாய்டபிள் இப்போது பூட் ஆகவே மாட்டேங்குது. கண்டுபிடித்ததெல்லாம் போச்சா?

இயந்திரம் போனால் போகட்டும், ஜிப்பைத் திரும்ப விரித்துக்கொள்ளலாம். இனி புதிதாக ஏற்றியவுடன் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வையுங்கள். உடைந்தால் ஒரு நிமிடத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும்.

கண்டுபிடித்தவை பெரும்பாலும் பத்திரமாக இருக்கும். எம்எஸ்எஃப்டிபி இனிட் போட்டு டேட்டாபேஸை இயக்கியிருந்தீர்கள் என்றால், கன்சோலுக்குள்ளிருந்து டிபி-என்மேப் கொண்டு செய்த ஸ்கேன் முடிவுகள் காலியில் உள்ள போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் உட்கார்ந்திருக்கும். ஹோஸ்ட்ஸ், சர்வீசஸ் என்று இரண்டு கட்டளைகளைத் தட்டிப் பாருங்கள். ஒன்றும் வராவிட்டால் வொர்க்ஸ்பேஸ், அதாவது முடிவுகளைப் பிரித்து வைக்கும் தனி அடுக்கு, மாறியிருக்கும். வொர்க்ஸ்பேஸ் என்று தட்டினால் பட்டியல் வரும், நட்சத்திரம் எதன் பக்கத்தில் இருக்கிறதோ அதில்தான் இப்போது நிற்கிறீர்கள்.