அஞ்சாம் கிளாஸ் பசங்களுக்கு வடிவங்களை எப்படி அறிமுகப்படுத்துறது?

போர்டுல வரைஞ்சு பேர் சொல்ல வைக்கிறதுக்கு முன்னாடி அவங்க கையால செய்யட்டும்ங்க. நான் பண்றது இதான், ஈர்க்குச்சிய ஒரே நீளத்துக்கு உடைச்சு, சைக்கிள் வால்வு டியூப சின்னச் சின்னதா வெட்டி மூலைக்கு மூலை சொருகி ஒரு முக்கோணமும் ஒரு சதுரமும் செய்யச் சொல்லுவேன், அப்புறம் ரெண்டையும் மூலையில புடிச்சு அமுக்கிப் பாருங்கடான்னா சதுரம் அப்படியே சாஞ்சு சாய்சதுரமா போயிடும், நாலு பக்கமும் அதே நீளம்தான், கோணம் மட்டும் மாறிடுச்சு. முக்கோணம் அசையாது! சதுரத்துக்குக் குறுக்க ஒரு குச்சிய (பக்கத்தைவிட கிட்டத்தட்ட 1.4 மடங்கு நீளம் வேணும்) நூலால கட்டினா அதுவும் கெட்டியா நின்னுடும், ஏன்னா இப்ப அது ரெண்டு முக்கோணம். செல்போன் டவர்ல எதுக்கு அத்தனை குறுக்குக் கம்பின்னு அப்ப கேளுங்க, அவங்களே சொல்லிடுவாங்க. வட்டத்துக்கு நூலும் சாக்பீஸும் தரையும் போதும்.