கார்டே இல்லாமல் நாற்பது படம்: கேமரா கேள்வி-பதில்

சிங்கப்பூரின் பல பகுதிகளிலிருந்து இம்முறை வந்த கேள்விகளில் பாதி, "சொல்லவே கூச்சமாக இருக்கிறது" என்றுதான் தொடங்குகின்றன. கூச்சப்பட ஒன்றுமில்லை. கேமரா பிடிக்கும் எவருக்கும் நடக்கக்கூடியவை இவை. ஏன் நடந்தது என்று தெரிந்துவிட்டால் மறுமுறை தடுத்துவிடலாம்.

பேத்திக்கு முதல் பிறந்தநாள். கேக் வெட்டி முடியும்வரை நாற்பது படம் எடுத்தேன். ஒவ்வொன்றும் திரையில் தெரிந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் கார்டு கம்ப்யூட்டரிலேயே செருகியிருக்கிறது! கேமரா ஏன் என்னைத் தடுக்கவில்லை? (தோ பாயோ)

தடுக்க வேண்டாம் என்று அதன் மெனுவில் ஓர் அமைப்பு சொல்லியிருக்கிறது. கடையில் வாடிக்கையாளர்கள் கார்டு இல்லாமலே அழுத்திப் பார்ப்பதற்காக இந்த வசதி இருக்கிறது. பல மாடல்களில் புதிதாக வாங்கும்போதே இது திறந்திருக்கும். படம் கேமராவின் தற்காலிக நினைவகத்தில் சில நொடிகள் நின்று, திரையில் தெரிந்து, அழிந்துவிடும். அதை மீட்க வழியில்லை. மீட்பு மென்பொருள்கள் எல்லாம் கார்டில் ஒருமுறையாவது எழுதப்பட்டதைத்தான் தேடும். விருந்தினர்களின் கைப்பேசிப் படங்களை உடனே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நாள் போனால் அவர்களும் அழித்துவிடுவார்கள்.

இப்போதே செய்ய வேண்டியது: கேனனில் "ரிலீஸ் ஷட்டர் வித்அவுட் கார்டு" என்பதை அணைத்துவிடுங்கள். நிக்கானில் "ஸ்லாட் எம்ப்டி ரிலீஸ் லாக்" என்பதை "லாக்" நிலைக்கு மாற்றுங்கள். சோனியில் "ரிலீஸ் வித்அவுட் கார்டு" என்பதை அணையுங்கள். பிறகு கார்டை வெளியே எடுத்து ஒருமுறை அழுத்திப் பாருங்கள். ஷட்டர் அசையக்கூடாது. கூடவே ஒரு பழக்கம்: கார்டை எடுத்தால் கேமராவில் அது செருகும் இடத்தின் மூடியைத் திறந்தே வையுங்கள். பையில் வைக்கும்போது கையில் இடறும்.

தைப்பூசத்தன்று அதிகாலை பெருமாள் கோயில் வாசலில் எடுத்த முதல் படங்களில் காவடிகள் எல்லாம் புகைக்குள் நிற்கின்றன. "சாம்பிராணிப் புகை, அருமை" என்று உறவினர்கள் பாராட்டுகிறார்கள். அது சாம்பிராணி இல்லை என்று எனக்குத்தான் தெரியும். கேமரா இரவு முழுக்க ஏர்கான் அறையில் இருந்தது. (ஈசூன்)

லென்ஸில் படிந்த நீர்த்திவலை. சிங்கப்பூரில் படம் எடுப்பவர்களை அதிகம் வாட்டுவது இதுதான், ஆகவே கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம். வெளியே 31 டிகிரி வெப்பமும் 70 விழுக்காடு ஈரப்பதமும் இருந்தால், ஏறத்தாழ 25 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்கும் எந்தப் பொருளின் மேலும் காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியும். உங்கள் அறை 23 டிகிரியில் இருந்தால், லென்ஸும் 23 டிகிரிதான். கதவைத் திறந்த நொடியே மூட்டம் போட்டுவிடும். எம்ஆர்டி ரயிலில் வெகுநேரம் வந்து இறங்கினாலும், கரையோரப் பூந்தோட்டங்களின் குளிர்க்கூடத்திலிருந்து வெளியே வந்தாலும் இதே கதை. குளிரிலிருந்து வெக்கைக்கு வரும்போதுதான் சிக்கல், உள்ளே போகும்போது இல்லை.

துடைத்தால் போய்விடும் என்று துடைக்காதீர்கள். கண்ணாடி இன்னும் குளிராகவே இருப்பதால் மறுபடி படியும், துணியால் தேய்த்த கோடுதான் மிச்சம். அந்த நேரத்தில் லென்ஸைக் கழற்றவே கூடாது. ஈரம் படத்தைப் பதியும் சென்சாரிலும் லென்ஸின் பின்கண்ணாடியிலும் படிந்துவிடும்.

வெளியே கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கேமராவை ஏர்கான் இல்லாத இடத்துக்கு மாற்றிவிடுங்கள், கூடமோ சமையலறைப் பக்கமோ எதுவும் சரி. அதற்கு வழியில்லையென்றால், அறைக்குள் இருக்கும்போதே ஜிப் பையில் போட்டுக் காற்றை அழுத்தி எடுத்து மூடுங்கள். வெளியே வந்ததும் பையைத் திறக்காமல் 20 முதல் 30 நிமிடம் விடுங்கள். நீர் பையின் வெளிப்புறத்தில் படியும், கேமரா உள்ளே மெல்லச் சூடேறும். பெரிய டெலி லென்ஸுக்கு இன்னும் அதிக நேரம் பிடிக்கும்.

திரும்பி வந்ததும் ஈரப் பையிலேயே கேமராவைத் தூங்கவிட்டால் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தும் டிரை கேபினெட்டில் 40 முதல் 50 விழுக்காட்டில் வைப்பது நல்லது. அரிசிப் பானைக்குள் வைக்கும் யோசனை வேண்டாம், தவிட்டுத் தூள் பொத்தான் இடுக்குகளில் போய்விடும்.

கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரில் எல்லாம் மங்கல். வயசாகிவிட்டது என்று கண் பரிசோதனை செய்து புதுக் கண்ணாடியும் வாங்கிவிட்டேன். இன்னும் மங்கல்தான். ஆனால் எடுத்த படங்கள் தெளிவு! (பிடோக்)

வியூஃபைண்டரை ஒட்டி ஒரு சின்னச் சக்கரம் இருக்கும், டயாப்டர் என்பார்கள். பையில் உரசி அது நகர்ந்திருக்கிறது. காட்சியைப் பார்த்து அதைச் சரிசெய்யாதீர்கள். உள்ளே தெரியும் எண்களையும் எழுத்துகளையும் பார்த்து, அவை கூர்மையாகும்வரை திருப்புங்கள். இனி எந்தக் கண்ணாடியோடு படம் எடுப்பீர்களோ அதைப் போட்டுக்கொண்டே செய்யுங்கள். நகராமல் இருக்கச் சிறு துண்டு டேப் போதும். கண் பரிசோதனை வீண் போகவில்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

தேக்காவில் தீபாவளி ஒளியூட்டை இரவில் எடுத்தேன். மறுநாள் மத்தியானம் ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கில் குடும்பப் படம். மர நிழலில் எடுத்தவற்றில் முகமெல்லாம் மணல் தூவியது போல இருக்கிறது. வெயிலில் எடுத்தவை வெள்ளை வெளேர். கேமரா பழுதா? (செங்காங்)

பழுதில்லை. இரவில் வைத்த ஐஎஸ்ஓ (ஒளிக்கான உணர்திறன்) 12800 அப்படியே நின்றுவிட்டது. நிழலில் வெளிச்சம் குறைவு, அதனால் ஷட்டர் சமாளித்தது. மணல் போலத் தெரிவது உயர் ஐஎஸ்ஓவின் இரைச்சல். உச்சி வெயிலில் அதே ஐஎஸ்ஓவுக்கு எஃப்/4 என்ற லென்ஸ் துளை அளவில் ஏறத்தாழ 2 லட்சத்தில் ஒரு பங்கு நொடி ஷட்டர் தேவை. பெரும்பாலான கேமராக்களின் மெக்கானிக்கல் ஷட்டர் 1/8000 அல்லது 1/4000 நொடியோடு நின்றுவிடும். ஆகவே வெள்ளைதான். அந்த நேரத்தில் வியூஃபைண்டரில் ஷட்டர் எண் சிமிட்டியிருக்கும், பேரப்பிள்ளைகளைச் சிரிக்க வைக்கும் அவசரத்தில் யார் கவனிப்பார்கள்?

ரா கோப்பாக (சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் கோப்பு) எடுத்திருந்தால் நிழல் படங்கள் இரைச்சல் நீக்கும் மென்பொருளில் நன்றாகவே தேறும். வெளுத்துப்போனவற்றில் முகத்தின் விவரம் திரும்பி வராது.

இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியது ஒன்று. கேமரா கடைசியாக வைத்த அமைப்பை அப்படியே வைத்திருக்கும். மஞ்சள் பல்புக்கு வைத்த வெண் சமநிலை (ஒளியின் நிறத்துக்கேற்ப வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் அமைப்பு) மறுநாள் எல்லோரையும் நீலமாக்கும். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் ஈடு +2-இல் நிற்கும். யாருக்கோ சின்னப் படமாக அனுப்ப வைத்த "எஸ்" அளவு, திருமணம் முழுவதையும் தபால்தலை அளவுக்குச் சுருக்கிவிடும். பலரும் அடுத்த நிகழ்ச்சியின் தொடக்கத்தில் சரிபார்க்க முயல்கிறார்கள். அப்போது நேரம் இருக்காது. படப்பிடிப்பு முடிந்து பேட்டரியைச் சார்ஜில் போடும்போதே எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடுங்கள்: ஆட்டோ ஐஎஸ்ஓ, உச்சவரம்பு 6400, வெண் சமநிலை ஆட்டோ, ஈடு பூஜ்யம், ரா கூடவே பெரிய ஜேபெக், லென்ஸ் சுவிட்ச் ஏஎஃப் (தானியங்கி ஃபோகஸ்). இதையே கேனனில் சி1, நிக்கானில் யு1, சோனியில் 1 என்ற டயல் இடத்தில் பதிந்துவைத்தால் ஒரே திருப்பில் முடியும். அந்த இடங்கள் இல்லாத மாடல்களில் மெனுவில் தேடுங்கள்.

அக்கா திருமணத்தில் நானும் தம்பியும் ஆளுக்கொரு கேமரா. இரண்டையும் சேர்த்து நேர வரிசைப்படி அடுக்கினால், முதலில் தாலி கட்டுகிறார்கள், அப்புறம் மாப்பிள்ளை அழைப்பு! தம்பி கேமரா போன மாதம் சென்னைக்குப் போய் வந்தது. (உட்லண்ட்ஸ்)

கடைசி வரியிலேயே விடை இருக்கிறது. இந்திய நேரம் சிங்கப்பூருக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். காலை 9.15-க்குக் கட்டிய தாலி தம்பி கேமராவில் 6.45 என்று பதிந்திருக்கும். லைட்ரூம் மென்பொருளில் தம்பியின் படங்களை மட்டும் தேர்ந்தெடுத்து "எடிட் கேப்சர் டைம்" வழியாக 2 மணி 30 நிமிடம் கூட்டுங்கள். பணம் செலவழிக்க விருப்பமில்லையென்றால் எக்ஸிஃப்டூல் என்ற மென்பொருள் இலவசம். சில நிமிட வித்தியாசம் மிஞ்சினால், இருவருமே எடுத்த ஒரே கணத்தைத் தேடுங்கள், அட்சதை விழும் நொடி வசதியானது. அதைக் கொண்டு நிமிடத்தையும் நொடியையும் ஒட்டலாம். அடுத்தமுறை மண்டபத்துக்குள் நுழைந்ததும் ஒரே கைப்பேசிக் கடிகாரத்தை நொடிமுள் தெரிய இருவரும் ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

அதே மாதிரி மண்டபம்தான், எனக்கு வேறு தொல்லை. மேடைப் படங்களில் குறுக்கே கறுப்புக் கறுப்பாகப் பட்டைகள். (ஜூரோங் வெஸ்ட்)

பட்டை எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்து காரணம் மாறும். படம் முழுக்கப் பல வரிகள் என்றால் சத்தமில்லாத மின்னணு ஷட்டர் போட்டிருப்பீர்கள். அது சென்சாரை வரிவரியாகப் படிக்கும். மேடை எல்இடி விளக்கோ பெரிய திரையோ அதற்குள் பலமுறை அணைந்து எரிந்துவிடும். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி 1/100 நொடியில் வையுங்கள். இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், சாதாரண விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும், அதனால் அந்த எண். டிம்மர் போட்ட எல்இடிகள் இதைவிட வேகமாகத் துடிக்கும், அவற்றுக்கு 1/50 வரை இறங்கிப் பாருங்கள். ஒரே ஒரு பட்டை, விளிம்போடு ஒட்டி, ஃபிளாஷ் போட்ட படங்களில் மட்டும் என்றால் விளக்குகள் காரணமில்லை. ஷட்டர் உங்கள் கேமராவின் சிங்க் வேகத்தை, அதாவது ஃபிளாஷோடு பயன்படுத்தக்கூடிய உச்ச வேகத்தை, தாண்டிவிட்டது. 1/200-க்குக் குறையுங்கள்.

அப்பாவின் பழைய ஃபிலிம் கேமராவில் 36 படம் எடுத்தேன். லேபில் கழுவி வாங்கினால் சுருள் காலி. ஒன்றுகூட இல்லை. லேப்காரர் கெடுத்துவிட்டாரா? (அங் மோ கியோ)

சுருளின் ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அங்கே ஃபிலிம் நிறுவனத்தின் பெயரும் பட எண்களும் தெரிந்தால் கழுவியது சரி, ஒளிதான் ஃபிலிமில் படவில்லை. ஓர எழுத்தும் இல்லாமல் வெறுமையாக இருந்தால்தான் லேபைக் கேட்க வேண்டும். முழுக்கக் கருத்திருந்தால் பின்மூடி திறந்து வெளிச்சம் புகுந்தது.

எழுத்து இருந்து படம் இல்லையென்றால் பெரும்பாலும் ஃபிலிமின் நுனி சுருட்டும் உருளையில் மாட்டவில்லை. நீங்கள் லீவரை இழுத்தீர்கள், எண் ஓடியது, ஃபிலிம் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவாக இருந்தால் லென்ஸ் மூடியைக் கழற்றாமல் எடுத்திருக்கவும் வாய்ப்புண்டு. அதில் பார்க்கும் கண்ணாடி வேறு, லென்ஸ் வேறு, மூடி இருந்தாலும் காட்சி பளிச்சென்று தெரியும்.

அடுத்த ரோலை இப்படிப் போடுங்கள். நுனியை உருளைப் பிளவில் செருகி, இரு ஓரத் துளைகளும் பற்களில் விழுந்ததைப் பார்த்து ஒருமுறை இழுத்து, அப்புறம் மூடுங்கள். இடப்பக்கச் சுருட்டும் கைப்பிடியை அம்புக்குறித் திசையில் மெதுவாகத் திருப்பித் தொய்வை எடுங்கள், தடை தட்டியதும் நிறுத்துங்கள். இப்போது லீவரை இழுக்கும்போது அந்தக் கைப்பிடி தானே எதிர்த்திசையில் சுழல வேண்டும். சுழன்றால் ஃபிலிம் ஓடுகிறது. ஒவ்வொரு ஐந்தாறு படத்துக்கும் ஒருமுறை கைப்பிடியைக் கண்ணால் பாருங்கள். எண் 40-ஐத் தாண்டியும் லீவர் நிற்கவில்லையென்றால் ஃபிலிம் நகரவே இல்லை. பதற்றத்தில் வெளிச்சத்தில் திறக்காதீர்கள். இருட்டறையில் திறந்து பாருங்கள், நுனி வெளியே இருந்தால் அதே ரோலை மறுபடி மாட்டிப் பயன்படுத்தலாம்.

சென்சாரில் ஒரு தூசி. வாயால் ஊதினேன். இப்போது தூசியும் இருக்கிறது, வட்ட வட்டமாகக் கறையும் இருக்கிறது. (பொங்கோல்)

எச்சில் துளிகள் காய்ந்திருக்கின்றன. கையால் அழுத்திக் காற்றடிக்கும் ரப்பர் புளோவரால் இனி போகாது. டப்பாவில் வரும் அழுத்தக் காற்றையும் அடிக்காதீர்கள், அதன் திரவம் தெறித்து நிலைமை மோசமாகும். சென்சார் அளவுக்குரிய ஸ்வாப் எனும் துடைப்புக் குச்சி (பெரிய ஃபுல் ஃபிரேம் சென்சாருக்கு 24 மில்லிமீட்டர், சிறிய ஏபிஎஸ்-சிக்கு 16) வாங்கி, சென்சார் திரவம் இரண்டு சொட்டு விட்டு, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரே இழுப்பு, மறுபக்கத்தால் திரும்ப ஒரே இழுப்பு, பிறகு குப்பையில் போடுங்கள். பேட்டரி முழுச் சார்ஜில் இருக்கட்டும், நடுவில் ஷட்டர் மூடினால் ஆபத்து. கை நடுங்கும் என்றால் சர்வீஸ் சென்டரில் கொடுப்பதே நல்லது. சோதிக்க எஃப்/16-இல் வெள்ளைச் சுவரை ஃபோகஸ் இல்லாமல் எடுங்கள். படத்தின் மேல்பக்கம் தெரியும் புள்ளி சென்சாரில் கீழே இருக்கும்.

தேசிய தின வாணவேடிக்கையை மரினா பேயில் ஃபிளாஷ் போட்டு எடுத்தேன். முன்னால் நின்றவர்களின் பின்னந்தலைகள் மட்டும் பளிச். (புக்கிட் பாத்தோக்)

கேமராவோடு வரும் சின்ன ஃபிளாஷின் வலிமை எண் (அதை எஃப் எண்ணால் வகுத்தால் ஒளி எட்டும் மீட்டர் கிடைக்கும்) 12 என்றால், ஐஎஸ்ஓ 100, எஃப்/4-இல் அது 3 மீட்டர்தான் எட்டும். ஐஎஸ்ஓ 1600-க்கு ஏற்றினாலும் 12 மீட்டர். வாணம் தானே ஒளி தருகிறது, ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். முக்காலி, ஐஎஸ்ஓ 100, எஃப்/8 முதல் எஃப்/11, ரிமோட்டோடு பல்ப் முறையில் (அழுத்தியிருக்கும்வரை ஷட்டர் திறந்திருக்கும்) 2 முதல் 6 நொடி. லென்ஸின் அதிர்வுத் தடுப்பை அணையுங்கள். முதல் வெடிகளில்தான் வானம் சுத்தமாக இருக்கும், பிறகு புகை சேர்ந்துவிடும். அதனால் எதிர்க்கரைக் கட்டட விளக்குகளில் முன்பே ஃபோகஸ் பிடித்து, உடனே மேனுவலுக்கு மாற்றிவிட்டுக் காத்திருங்கள்.