முழுத் தோட்டத்தையும் சமன்படுத்த வேண்டாம்

மொரிஷியஸின் வாக்வாவில் வீட்டுப் பின்புறம் 3 மீட்டருக்கு 15 செ.மீ. சரிகிறது, பாத்திப்பெட்டி (மண் நிரப்பிச் செடி வளர்க்கும் பலகைச் சட்டம்) வைக்குமுன் லாரி மண் இறக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாங்க, காசைக் கொட்டாதீர்கள். பெட்டி உட்காரும் இடம் மட்டும் சமமாக இருந்தால் போதும்.

உங்கள் பெட்டி 2.4க்கு 1.2 மீட்டர், இல்லையா? நீளவாக்கில் சரிவோடு வைத்தால் இரு முனைக்கும் 12 செ.மீ. வித்தியாசம் வரும், அதையே சரிவுக்குக் குறுக்காகத் திருப்பி வைத்தால் வெறும் 6 செ.மீ.தான், மண்வெட்டியால் ஒரு காலையில் முடிந்துவிடும். மேட்டுப் பக்கத்தை வெட்டுங்கள், பள்ளத்தை நிரப்பாதீர்கள். நான் முதல் பெட்டிக்குப் பள்ளத்தில் தளர்ந்த மண்ணைப் போட்டு மிதித்துவிட்டு வைத்தேன், ஜனவரி மழையில் ஒரு மூலை இறங்கி, பலகை ஆணியோடு பிளந்து, கத்தரி நாற்றெல்லாம் சேற்றில் கிடந்ததைப் பார்க்க மனசே கேட்கவில்லை.

மட்டம் பார்க்க, தண்ணீர் நிரப்பிய நிறமற்ற குழாய் போதும், கொத்தனார்கள் பிடிப்பதுதான். உள்ளே காற்றுக்குமிழி இருக்கக் கூடாது, அதைக் கவனியுங்கள்.

வெட்டும்போது கருங்கல் நிறைய வரும், நம் ஊர் மண் அப்படி. எறியாதீர்கள். பெரியவற்றைப் பள்ளப் பக்கப் பலகைக்கு வெளியே பாதி புதைத்து அணை கொடுங்கள். மேல்மண்ணைத் தனியாகக் குவித்து வைத்து, அப்புறம் பெட்டிக்குள்ளேயே போடுங்கள். புயல் மழைக்கு முன்பே முடித்துவிடுங்கள்.