அளவைக் கூட்டலாமா?

கேள்வி: எனக்கு 61 வயது. மலச்சிக்கலுக்காக, படுக்கப் போகும் முன் ஒரு ஸ்பூன் இசப்கோலை வாயில் போட்டு இரண்டு மடக்கு தண்ணீர் குடிக்கிறேன். தொண்டையில் ஒட்டுகிறது, இரண்டு நாளாகியும் பலனில்லை. அளவைக் கூட்டலாமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: கூட்ட வேண்டியது தண்ணீரை அம்மா, இசப்கோலை அல்ல. இசப்கோல் ஒரு விதையின் உமி, தண்ணீரை உறிஞ்சி உப்பிக் கூழாகும். அது குடலில் நடந்தால் மலம் இளகும். தண்ணீர் போதாமல் உணவுக்குழாயில் நடந்தால் அடைத்துக்கொள்ளும். ஒரு ஸ்பூனை 240 மி.லி. தண்ணீரில் கலக்கி உடனே குடித்துவிடுங்கள். டம்ளரை மேசையில் வைத்துவிட்டு சீரியல் பார்க்கப் போனால், திரும்பும்போது கூழைக் கரண்டியால்தான் எடுக்க வேண்டியிருக்கும். மேலே இன்னொரு டம்ளர் தண்ணீர். படுக்கும் நேரம் வேண்டவே வேண்டாம், மாலையில் குடியுங்கள்.

இது பேதி மருந்து அல்ல. பலன் தெரிய 12 முதல் 72 மணி நேரம் பிடிக்கும், பொறுங்கள். முதலில் வயிறு உப்பும், வாயு பிரியும், போகப்போகக் குறையும். மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறீர்களா? மலச்சிக்கலுக்கு அதுவே காரணமாக இருக்கலாம். இதயம், சிறுநீரகக் கோளாறுக்காகத் தண்ணீரைக் குறைக்கச் சொல்லியிருந்தால், டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடாதீர்கள்.

சோறு விழுங்குவதே சிரமமாக இருந்தாலோ, கடும் வயிற்றுவலி, வாந்தி, மலத்தில் ரத்தம் இருந்தாலோ, இசப்கோலை நிறுத்திவிட்டு உடனே டாக்டரிடம் போங்கள்.